மூச்சு பார்க்கும் அர்ச்சுனன்

நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சூடம் எரிகிறது. கார்க்காரரின் அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டு நிற்கிறார். இன்ஜினைக் கிளப்பச் சொல்லிவிட்டு, அர்ச்சுனன் போனட்டுக்குள் குனிந்து, புதிதாக மாட்டிய காற்றுக் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்துகிறார். இன்ஜின் இரண்டு தரம் விக்கிவிட்டு அடங்குகிறது.

“பாத்தியா? மூச்சு இது வழியா மட்டுந்தான் போவுது. வேற எங்கயும் ஓட்ட இல்ல. இதுல தண்ணி ஏறுச்சுன்னா காடி செத்துரும். நீயும் செத்துருவ.”

அம்மாவின் கண் சட்டென்று திறக்கும். “நல்ல காரியத்துல என்ன பேச்சுண்ணே இது!” என்று சிலர் சண்டைக்கே வந்துவிடுவார்கள். அர்ச்சுனன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, குழாயின் வாயில் வடிகட்டியைப் பொருத்தத் தொடங்கிவிடுவார்.

கோப்பெங்கிலிருந்து ஈப்போவுக்கு வரும் பழைய சாலையில் உள்ளே ஒதுங்கியிருக்கிறது அவருடைய பட்டறை. ஒரு காலத்தில் ரப்பர் தாள்களைத் தொங்கவிட்டுப் புகை போட்ட கூடம். பால்மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு இருபது வருடமாகிறது. சுவரின் கறுப்பு மட்டும் போகவில்லை. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்துப் பார்த்தாராம். மூன்றே மாதத்தில் கறுப்பு மேலே ஏறி வந்துவிட்டது. வெளியே கொளுத்துகிற வெயிலிலும் உள்ளே முதுகு சில்லிடும்.

ஆளுக்கு வயது நாற்பத்தெட்டு. ஒல்லி உடம்பு, பெரிய கை. தொழில், ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் காற்றுக் குழாய் மாற்றுவது. காரோடு வந்த, காற்றை வடிகட்டும் கறுப்புப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, அகலமான குழாயையும் கூம்பு வடிகட்டியையும் மாட்டிவிடுவார். இன்ஜின் சூட்டில் வேகாத குளிர்ந்த காற்று உள்ளே போகும், வேகம் கூடும் என்கிறார்கள். கூடுவது சத்தம் மட்டும்தான் என்பது என் கருத்து. அவரைப் பற்றி எழுதப் போயிருந்த நான், அதை அர்ச்சுனனிடமே சொன்னேன்.

“சத்தத்துக்குத்தான் சார் வராங்க. வேகம்னு வீட்ல சொல்லிக்குவாங்க.”

கழற்றிய பழைய வடிகட்டியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பது இன்னொரு பழக்கம். “பாகான் டத்தோ பக்கம் போய்ட்டு வந்தியா? தேங்கா மட்ட எரிச்ச வாடை அடிக்குதுலா.” கோலா கங்சாருக்கு வேலையாகப் போனதாக வீட்டில் சொல்லியிருந்த ஒருவர், மனைவி பக்கத்தில் நிற்க, அன்றைக்கு முழித்த முழி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த இடத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. காரை முடுக்கினால் சத்தம் செம்பனை வரிசைகளுக்குள் போய்த் திரும்பி வரும். கொஞ்சம் தாமதமாக வரும், கொஞ்சம் நீளமாகவும் வரும். இங்கே இன்ஜினை அணைத்த பிறகும் அங்கே யாரோ ஒரு காரை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எதிரொலி என்றேன். “சரி சார், எதிரொலின்னே எழுதிக்குங்க” என்று சிரித்தார் அர்ச்சுனன். ஆனால் சத்தம் அடங்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல நேரத்தில் ஏன் சாவுப் பேச்சு என்று ஒரு மழை நாளில் கேட்டேன். சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு முந்திய வாரம், கோகிலன் என்பவர் சிவப்பு நிற இரண்டு கதவுக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். குழாயின் வாயைப் பம்பருக்குள் தாழ்த்தி வைத்தால் காற்று இன்னும் குளிர்ச்சியாக வரும்; அவருக்கு அப்படித்தான் மாட்டினார் அர்ச்சுனன். ஆனால் சாலையில் தண்ணீர் தேங்கி நின்றால் இன்ஜின் அதைக் குடித்து நின்றுவிடும். மாட்டிக்கொடுக்கிறவர் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கு அர்ச்சுனன் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்து வண்டி எடுக்கிற நேரத்தில் அபசகுனமாக வாயைத் திறக்கக் கூடாது என்று எல்லோரையும்போல அவரும் நம்பினார்.

“நாளைக்கு போன் பண்ணிச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன் சார். சாயந்தரமே மழை புடிச்சுக்கிச்சு.”

தாழ்வான சாலையில் கார் நின்றுவிட்டது. தள்ளலாம் என்று இறங்கிய கோகிலன், ஓரத்தில், ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிக் கிடந்த பழைய ஈயக்குட்டைக்குள் கால் தவறி விழுந்தார். மறுநாள் காலையில்தான் உடல் கிடைத்தது.

சாவு வீட்டில் கோகிலனின் மனைவி கலாதேவி கேட்டாராம்: “நீங்க அவர்கிட்ட சொல்லலியாண்ணே?”

“சொன்னேன்னு தலைய ஆட்டிட்டேன் சார்” என்றார் அர்ச்சுனன்.

எனக்குக் கோபம் வந்தது. போய் உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றேன். துடைத்து முடித்த ஸ்பேனரையே அவர் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு மத்தியானம், என் காருக்கு எண்ணெய் மாற்றுவதற்காக அங்கே உட்கார்ந்திருந்தேன். ஒரு சிவப்புக் கார் சத்தமில்லாமல் உள்ளே வந்து நின்றது. அர்ச்சுனனின் முகத்தைப் பார்த்ததுமே யார் கார் என்று தெரிந்துவிட்டது. இறங்கியவர் கலாதேவி. குட்டையான உருவம், சீருடை, கையில் செய்தித்தாள் சுற்றிய குழாய். அந்த மழைக்குப் பிறகு காரை ரிப்பேர் செய்தவர்கள் பழையபடி கறுப்புப் பெட்டியையே வைத்துக் கொடுத்துவிட்டார்களாம்.

“சத்தமே இல்லாம ஓட்றப்ப யார் காடியோ மாதிரி இருக்குண்ணே. அவர் ஆசப்பட்டுப் போட்டதையே போட்டுக் குடுங்க.”

அர்ச்சுனன் குழாயின் கீழ்ப் பாதியை அறுத்து வீசினார். மேல் பாதியை மட்டும், வாய் உயரத்தில் நிற்கும்படி மாட்டினார். அரை மணி வேலை ஒன்றரை மணி நேரம் இழுத்தது.  எலுமிச்சம்பழங்களைக் கலாதேவியே கொண்டுவந்திருந்தார். சக்கரங்களுக்கு அடியில் வைத்து, சூடம் கொளுத்தி, இன்ஜினைக் கிளப்பிவிட்டு இறங்கி வந்து நின்றார்.

அர்ச்சுனன் குழாயின் வாயைப் பொத்தினார். இன்ஜின் நிற்கவில்லை.

கையை எடுத்துவிட்டு மறுபடியும் அழுத்திப் பொத்தினார். சீராக ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் இணைப்பாக விரலால் தடவிப் பார்த்தார். கிளாம்புகளை இன்னும் இறுக்கினார். காற்று போக வேறு வழியே இல்லை. இரண்டு கையாலும் பொத்தினார். இன்ஜின் எங்கிருந்தோ மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. செம்பனைக்குள்ளேயும் அது ஓடிக்கொண்டிருந்தது. 

கலாதேவிக்கு இது எதுவும் தெரியவில்லை. “சொல்லுங்கண்ணே” என்றார். “தண்ணியப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்வீங்களாமே. அவர்கிட்டயும்தான் சொன்னீங்க. கேக்காமப் போய்ச் சேந்தாரு. அந்தக் கோவத்துல இன்னிக்கு வரைக்கும் படத்துக்கு ஒரு பூ வைக்கல நானு. தெனம் நின்னு ஏசிட்டுத்தான் வேலைக்குப் போறேன்.”

அர்ச்சுனனின் கைகள் குழாயின் மேலேயே இருந்தன.

“சொல்லல தங்கச்சி.”

“என்னாண்ணே?”

“அவன்கிட்ட நா சொல்லவே இல்ல. பழம் வச்சிருந்தோம், நல்ல நேரத்துல எதுக்குன்னு வாய மூடிக்கிட்டேன். ஒன்கிட்ட பொய்யா தலைய ஆட்டினேன். அவன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு பூரா என்னுது.”

இன்ஜின் இரண்டு தரம் விக்கியது. நின்றது. அதே நொடியில் செம்பனைக்குள்ளிருந்த சத்தமும் நின்றது. எதிரொலி அப்படி நிற்காது. இதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியவில்லை.

கலாதேவி அழுவார் என்று நினைத்தேன், ஏசுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.  காரின் வலப் பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். தன் கால் எட்டுவதற்காக முன்னால் இழுத்து வைத்திருந்த ஓட்டுநர் இருக்கையை, நெடிய ஆளான கோகிலன் காலை நீட்டி உட்காரும் அளவுக்குக் கடைசிவரை பின்னால் தள்ளினார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, மறுபக்கம் சுற்றிப் போய் இடது இருக்கையில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

அர்ச்சுனன் கையைத் துடைத்துக்கொண்டு திறந்திருந்த கதவுக்கு அருகே வந்தார். காலியான இருக்கையைப் பார்த்தார். உட்கார்ந்தவர் காலை உள்ளே இழுத்துக்கொள்ளட்டும் என்பதுபோலச் சற்றுப் பொறுத்திருந்து, இடித்துவிடாதபடி கதவை மெல்லச் சாத்தினார்.