கடல் சூடாக வேண்டும்

ஆரணியில் கடல் கிடையாது. பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் மாமல்லபுரம் என்பார்கள்; நாங்கள் ஏறியதில்லை. ஆனாலும் ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்தில், எங்கள் தெருவில் கடலைப் பற்றி அதிகம் தெரிந்தவள் நான்தான். வளைகுடாக் கடலில் அன்று காலை தண்ணீர் எத்தனை டிகிரி, அலை எப்படி, நீந்தலாமா கூடாதா என்று யார் கேட்டாலும் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பா அங்கே ஒரு ஹோட்டலின் கடற்கரையில், குளிக்க வருகிறவர்களைக் காப்பாற்றும் வேலையில் இருந்தார். துடைப்பம் பிடிக்கப் போனவர்தான். போளூர்ப் பக்கத்துக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவர் என்பது எப்படியோ தெரியவர, பயிற்சி கொடுத்து, கையில் விசில் கொடுத்து, உயரமான நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். தினமும் காலையில் தண்ணீரின் சூட்டைப் பார்த்துப் பலகையில் எழுதிவைப்பதும் அவர் வேலை. எழுதிய கையோடு அதைப் படம் பிடித்து அம்மாவின் போனுக்கு அனுப்புவார். அம்மா தறியை விட்டு எழுந்திருக்காமலே கேட்பாள்.

"இன்னா எழுதிகிறாரு உங்கப்பா?"

"தண்ணி இருவத்தி ஆறும்மா. அலை இல்ல. பச்சைக் கொடி."

அம்மா தலையாட்டுவாள். பச்சைக் கொடி என்றால் அன்றைக்குக் கடலில் ஆபத்தில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குத் தோசை.

அப்பாவுக்கு வருஷத்தில் ஒரு மாதம் லீவு. அது எப்போது என்பதைக் கடல்தான் முடிவு செய்தது. மார்கழி, தையில் வெயில் இதமாக இருக்கும், விருந்தாளிகள் குவிந்துவிடுவார்கள். லீவுப் பேச்சையே எடுக்க முடியாது. ஆடி நெருங்க நெருங்கக் கடல் காய ஆரம்பிக்கும். முப்பத்து நாலைத் தாண்டிவிட்டால் கடலில் இறங்க ஆள் இருக்காது. எல்லாரும் ஹோட்டலுக்குள் குளிரூட்டிய நீச்சல் குளத்துக்குப் போய்விடுவார்கள். காலி மணலுக்குக் காவல் எதற்கு என்று அப்பாவை ஊருக்கு அனுப்புவார்கள். ஆக, கடல் சூடானால் அப்பா வருவார். இந்தக் கணக்கை நானே கண்டுபிடித்தேன். அந்த வயதில் நான் போட்ட கணக்குகளில் சரியாக வந்தது இது ஒன்றுதான்.

முந்தைய ஆடியில் வேறு யாருக்கோ லீவு கொடுத்துவிட்டதால் அப்பா வரவில்லை. போனில் தெரிகிற அப்பா நன்றாகத்தான் சிரித்தார், கதையெல்லாம் சொன்னார். ஆனால் போனில் தெரிகிற அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்க முடியாது. எனக்கு அப்பா வேண்டும். சோறு, பள்ளிக்கூடம், விளையாட்டு எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வருஷம் முழுக்க எனக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

பலகையில் முப்பத்து மூன்று வந்த அன்று, சாயப்பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த மாமாவிடம் ஓடினேன். முப்பத்து மூன்று என்றால் எவ்வளவு சூடு என்று கேட்டேன். மாமா அம்மாவின் தம்பி. எதைக் கேட்டாலும் முதலில் கேலி, அப்புறம்தான் பதில். "கடலுக்கே காய்ச்சல் பாக்கிற டாக்டரம்மா வந்துட்டாங்கப்பா" என்று பட்டறைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, கொதிக்கிற அண்டாவிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வாளியில் ஊற்றினார். பச்சைத் தண்ணீரைக் கலந்து கலந்து பார்த்து, என் கையை உள்ளே விடச் சொன்னார்.

"இவ்ளோதானா மாமா? சுடவே இல்லியே."

"குளிக்கிறவனுக்கு சொகமா இருக்கும். நீந்தறவன் பேஜாராப் பூடுவான். வேணும்னா உங்கப்பாவ கேளு."

கேட்டேன். "தண்ணிக்குள்ளயே வேர்த்துகினு இருக்கு கண்ணு" என்றார் அப்பா. அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

அந்த வாரம் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாகத் தெருவே ஈரமாகிக் கிடந்தது. ஆத்தா மனம் குளிரணும், ஊர் குளிரணும் என்று அத்தனை பேரும் கைகூப்பிக் குளிர்ச்சி கேட்டார்கள். அவர்களுக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சூடு கேட்டேன். ஆரணிக்கு வேண்டாம் தாயே, கடலுக்கு மட்டும் போதும். அம்மன் குழம்பிவிடக் கூடாதே என்று, எந்த நாட்டுக் கடல் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அம்மன் என்னைக் கைவிடவில்லை. முப்பத்து நாலு வந்தது. முப்பத்து ஐந்து வந்தது. அப்புறம் ஊதாக் கொடி வந்தது. கரை நெடுக ஜெல்லி மீன்கள் ஒதுங்கிக் கிடக்கின்றனவாம், பட்டால் தீக்காயம் போல எரியுமாம். ஒரு நாள் சிவப்புக் கொடி, யாரும் இறங்கக் கூடாது. அதோடு பலகைப் படம் வருவது நின்றது. நின்ற மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அப்பா கூப்பிட்டார்.

"வந்துட்றேன்" என்றார்.

நான் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. "எத்தினி நாளுங்க லீவு?" என்று கேட்டாள். அம்மா போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

அப்பா வந்து இறங்கியபோது, வழக்கமான ஒரு பெட்டிக்குப் பதில் மூன்று இருந்தன. போர்வை, தலையணை, சட்டை மாட்டும் கம்பி வரைக்கும் எடுத்து வந்திருந்தார். இனிமேல் விருந்தாளிகளுக்கு நீச்சல் குளம் போதும், கடற்கரைக்கு ஆள் வேண்டாம் என்று ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். அன்று நான் அம்மா கேட்டதையே கேட்டேன்.

"எத்தினி நாளுப்பா லீவு?"

"நீ போதும்ன்ற வரைக்கும்."

ஒரு மாதம் கேட்டால் அம்மன் இப்படி அள்ளிக் கொடுத்துவிட்டாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

களம்பூர் அரிசி ஆலையில் அப்பாவுக்கு வேலை கிடைப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெரியப்பாவின் நிலத்துக்கு அழைத்துப் போனார். அப்பா நீந்தக் கற்றுக்கொண்ட கிணறு அங்கேதான் இருந்தது. நல்ல மழை பெய்து பாதிக்கு மேல் தண்ணீர். படியில் உட்கார்ந்ததும் ரகசியத்தை உடைத்தேன்.

"நான்தாம்பா அம்மங்கிட்ட வேண்டிகினேன். கடல் நல்லா சூடாவணும்னு."

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, "அதான் வந்துட்டேனே" என்றார். அந்தச் சட்டையின் வாசனை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு அதைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுக் குதித்தார்.

"எப்டிப்பா இருக்கு தண்ணி?"

"சில்லுனு இருக்கு கண்ணு. நல்லா நீந்தலாம்."

நீந்தினார். கடலில் நீட்டி நீட்டிப் போட்டுப் பழகிய கை. இரண்டு வீச்சு வீசுவதற்குள் சுவர் வந்துவிட்டது. திரும்பினார். வீசினார். மறுபடியும் சுவர். நிற்காமல், என்னை நிமிர்ந்தும் பார்க்காமல், வேகமாக இன்னும் வேகமாக அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாகப் போய்க்கொண்டே இருந்தார். யாரோடோ பந்தயம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கை சுவரில் மோதும்போதெல்லாம், அப்பா ஜெயித்துவிட்டார் என்று நான் படியில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தேன்.