அணைந்த விளக்குகள்

பள்ளங்கியில் மணி மூன்றுதான் ஆகிறது. அதற்குள் மேகம் வாசல்வரை வந்து நிற்கிறது. சுற்றுலா வருபவர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடும் ராஜேஸ்வரி அக்காவின் கூடத்தில், நான் விற்க வந்த அலங்கார விளக்குகளைத் தொங்கவிட்டு எரியவைக்கிறேன். மூன்று மாதமாக இந்த மலையில் எனக்கு ஒரு ஆர்டர்கூட இல்லை. கூடம் தேன் நிறத்தில் மிதக்கிறது. எதற்கு வந்தேன் என்பதே ஒரு கணம் மறந்துபோகிறது.

"நல்லாத்தான் இருக்குங்க. எல்லாத்தையும் அமத்துங்க," என்கிறார் அக்கா.

"பிடிக்கலையாக்கா?"

"அதுக்கில்லங்க. இங்க காத்தடிச்சா மரம் விழுந்து கரண்ட் போயிரும். பாதி நேரம் அணைஞ்சுதான் கெடக்கும். வந்தவங்க அதத்தான பாத்துக்கிட்டு இருக்கணும்?"

அணைக்கிறேன். பளபளத்தவை எல்லாம் வெறும் தகரமாகத் தொங்குகின்றன. கடைசியில் இருக்கும் மங்கலான கண்ணாடிக் குடுவையில் மட்டும் ஜன்னல் வெளிச்சம் பால்போலத் தேங்கி நிற்கிறது. அக்கா அதன் அடியிலேயே நின்றுவிடுகிறார்.

"இதுல நாலு குடுங்க."

ஆர்டர் எழுத கேட்டலாக்கைப் புரட்டுகிறேன். அதன் படங்களில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டே இருக்கின்றன. அந்தக் குடுவை எது என்று எனக்கே தெரியவில்லை.