மிரேலியா நகரத்து மணி லாட்ஜ்

ஞானசிகாமணி அண்ணன் எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் உடனே குனிந்து நாற்காலிக்கு அடியில் ஒருமுறை பார்ப்பார். பல வருடங்களாக எங்கள் பிரவுசிங் சென்டரில் இதைப் பார்த்துவருகிறேன். பஸ்ஸிலும் சர்ச்சிலும் இதே கதைதான் என்று அவர் மனைவி தாசம்மாள் அக்கா சொல்லியிருக்கிறாள். முன்னால் இருந்தவர் விட்டுப்போன பேனா மூடி, குடை உறை, ஒருமுறை யாரோ ஒரு மாணவியின் ஹால் டிக்கெட் என்று எது கிடைத்தாலும் என் மேசையில் கொண்டுவந்து வைப்பார்.

"வச்சுக்க பிள்ளே. தேடி வருவாங்க" என்பார். பெரும்பாலும் வருவார்கள்.

பத்மநாபசுவாமி கோயில் இருக்கும் ஊரில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு லாட்ஜில் அவருக்கு ரிசப்ஷன் வேலை. சொந்த ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். அறையைக் காலி செய்கிறவர்கள் சாவியைக் கொடுத்ததும் மாடிக்குப் போய் கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டு வருவது அவர் வேலையில் ஒரு பகுதி. அந்தக் குனிவு உடம்போடு ஒட்டிக்கொண்டது.

நான் ரெஜியின் சென்டரில் கவுண்டரில் இருக்கிறேன். ஆட்களுக்கு கேபின் நம்பர் சொல்வதும் நேரத்தைக் குறித்துக்கொள்வதும் என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். கவுண்டரில் இருந்தால் ஆறு கேபின்களில் நான்கின் திரை தெரியும். அதில் ஒன்று ஓரத்துக் கேபின், அண்ணனுடையது.

லாட்ஜுக்கு வரும் புக்கிங் மெயில்களுக்குப் பதில் அனுப்பத்தான் முதலில் வந்தார். அந்த வருடம் ரெஜி ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து மிரேலியா என்ற விளையாட்டை ஓரத்துக் கேபினில் ஏற்றியிருந்தான். இணையத்தில் ஊர் ஊராக இருப்பவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுவது; காசு கட்ட வேண்டாம். காலேஜ் பையன்கள் இரண்டு நாள் ஆடிப் பார்த்துவிட்டு துப்பாக்கி விளையாட்டுக்கே திரும்பிப் போனார்கள். அண்ணன் மட்டும் மெயில் அனுப்பி முடித்து, திறந்து கிடந்த அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஆளுங்க எங்க போறாங்க ரெஜி?" என்று கேட்டார்.

"எங்கயும் போகாம். சேட்டனுக்கு இஷ்டமுள்ள இடத்துக்குப் போகாம்" என்று மலையாளத்தில் சொன்னான் ரெஜி. எங்கே வேண்டுமானாலும் போகலாமாம்.

அன்றிலிருந்து மத்தியானம் டியூட்டி மாறியதும் வருவார். மிரேலியா திறக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். முதலில் கறுப்பு. பிறகு தரை வரும். அதன்மேல் வெறும் பெயர்கள் மிதந்துகொண்டிருக்கும், அப்புறம்தான் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஓர் உடம்பு வந்து நிற்கும். ஆணுக்கு மூன்று முகம், பெண்ணுக்கு மூன்று முகம், அவ்வளவுதான். அந்த நகரத்துச் சதுக்கத்தின் நடுவில் ஒரு நீரூற்று சத்தமில்லாமல் ஓடும். நாம் எந்தப் பக்கம் போனாலும் மரங்கள் நம் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மழை வந்தால் கடைக்குள்ளும் பெய்யும்.

"சுவரு வச்சவன் கூரை வைக்க மறந்துட்டான்" என்றார் அண்ணன். குறையாகச் சொல்லவில்லை. கட்டடம் பார்க்க வந்தவர் போலச் சொன்னார்.

மிரேலியாவின் கோட்டை வாசலுக்கு வெளியே பன்றிகள் மேயும். புதிதாக வருகிறவர்கள் முதலில் அவற்றை அடித்துத்தான் பலம் சேர்க்க வேண்டும். அண்ணன் ஒரு பன்றியை அடித்தார், அது திரும்ப முட்டியது, உள்ளே வந்துவிட்டார். அதற்குப்பின் வாசலைத் தாண்டவே இல்லை. நீரூற்றுக்குப் பக்கத்தில் நிற்பார். புதியவர்கள் வந்தால் கருமான் கடை எந்தப் பக்கம், மருந்துக்காரி எந்தப் பக்கம் என்று தட்டித் தட்டி எழுதி வழி சொல்வார். எழுதும்போது வாய்விட்டுப் படிப்பார். பதில் வந்தால் அதையும் தமிழில் சொல்வார். அப்படித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது.

ஒரு விளையாட்டில் போய் விளையாடாமல் நிற்கிற மனிதர் என்ன பார்க்கிறார் என்று எனக்கு ஓயாத யோசனை. கூச்சத்தை விட்டு ஒருநாள் கேட்டேன்.

"ஆளு வருது, போகுது. வேற என்ன பாக்கணும்?" என்றார்.

காசு கட்டாதவர்களுக்கு மிரேலியாவில் மிகச் சிறிய பைதான் தருவார்கள். ஒரு வாளும் கவசமும் வைத்தாலே நிறைந்துவிடும். பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் பை நிறைந்துபோய், கொஞ்ச நேரம் வைத்துக்கொள் என்று ஒரு கேடயத்தை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து கேட்டபோது அது பத்திரமாக இருந்தது. அந்த ஆள் இன்னொருவரிடம் சொல்ல, அவர் வேறொருவரிடம் சொன்னார். பையில் இடம் போதாமல் அண்ணன் விளையாட்டுக்குள் தனக்கே புதுப்புது ஆட்களை உண்டாக்கினார். மணி லாட்ஜ் ஒன்று, மணி லாட்ஜ் இரண்டு என்று பெயர். ஒன்றிடம் வாள்கள், ஒன்றிடம் கல் மோதிரங்கள், ஒன்றிடம் மருந்துக் குப்பிகள். பத்மநாபசுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள் அவர் லாட்ஜில் பையை வைத்துவிட்டுப் போவார்களே, அதே ஏற்பாடு. சீட்டு கிடையாது. ஆளைப் பார்த்து வாங்குவார், ஆளைப் பார்த்துக் கொடுப்பார்.

லாட்ஜில் அவர் முதலாளியின் ஆள். முதலாளியின் மருமகன் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். இங்கே சதுக்கத்துக்கு வருகிறவர்கள், லாட்ஜ் இருக்கிறாரா என்று அவரைத்தான் தேடினார்கள். எங்கள் சென்டருக்கு வருகிற யாருக்கும் தெரியாத ஒரு பெயர் அவருக்கு அங்கே கிடைத்திருந்தது. சட்டையை இஸ்திரி போட்டு வர ஆரம்பித்தார். அங்கே யாரும் அந்தச் சட்டையைப் பார்க்க முடியாது.

வாள் கொடுத்து வைத்தவர்களில் கிரோன் என்பவன் ஒருவன். உப்புச் சுரங்கத்து விலங்கைக் கொன்றால் எப்போதாவது கிடைக்கும் நீல வாள் அவனிடம் இருந்தது. அவன் லூனா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மிரேலியாவில் அதற்கும் ஒரு கோயில் உண்டு. அண்ணன் கறுப்பு அங்கி ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். மணி அடித்தது, பூ விழுந்தது. அண்ணன் கேபினில் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் லூனா வந்தாள். கிரோன் வாளை வாங்கிவரச் சொன்னான் என்று எழுதினாள். அண்ணன் படித்துச் சொல்லிவிட்டு வாளை எடுத்தார்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமாண்ணே?" என்றேன்.

"கெட்டினவ வந்து கேட்டா சாவி குடுக்காம இருக்க முடியுமா பிள்ளே? மாப்பிள்ள கோயிலுக்குப் போயிருப்பாரு, இவ குளிச்சு மாத்தணும். நாம கேள்வி கேட்டா மரியாதையாவா இருக்கும்?"

இருபது வருடமாக லாட்ஜில் அப்படித்தான் சாவி கொடுத்திருக்கிறார். வாள் கை மாறியது. லூனா கையசைத்துவிட்டுப் போனாள்.

நான்கு நாள் கழித்துக் கிரோன் வந்து வாளைக் கேட்டான். லூனாவும் அவனும் பிரிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாளை வாங்கிக்கொண்டு அவள் வேறு கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். கிரோன் சதுக்கத்தில் நின்று எழுதினான். சுற்றிலும் பெயர்கள் கூடின. அண்ணன் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டார். ஆனாலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்ததால் எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன். திருடன்.

அன்றைக்கே எல்லாரும் தங்கள் பொருளைக் கேட்டு வந்தார்கள். மணி லாட்ஜ் ஒன்றை மூடி இரண்டைத் திறந்து, இரண்டை மூடி மூன்றைத் திறந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். ஒரு குப்பி குறையவில்லை. கடைசியில் நீரூற்றுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார்.

ரெஜிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சேட்டா, அந்த லூனா பெண்ணே அல்ல. ஏதோ ஒரு தடியன் ஆயிரிக்கும்."

"கோயில்ல வச்சுக் கெட்டினதாக்கும் ரெஜி."

"அது கம்ப்யூட்டர் கெட்டி வெச்சது."

"யாரு வச்சா என்ன? நான் பாத்துட்டு நின்னேன்லா?"

கணவர் சோறு சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மறுவாரம் தாசம்மாள் அக்காவே சென்டருக்கு வந்துவிட்டாள். அண்ணன் எதையும் மறைக்காமல் சொன்னார். அக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கல்யாணத்துக்குப் போனீங்களே, எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா? சாப்பாடு போட்டானா?"

"அங்க சாப்பாடு கெடையாது."

"அதான் நிலைக்கல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. "அவனுக்க பொருளு எனக்க கையில இருந்து போச்சு தாசம்மா. அவன் என்னைத் திருடன்னு சொன்னா நான் என்ன சொல்ல முடியும்?" என்றார்.

இதற்கிடையில் லாட்ஜில் ஒரு சண்டை. சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்த தம்பதியில், கடைத்தெருவுக்குப் போன அந்தம்மா முதலில் திரும்பி வந்து சாவி கேட்டிருக்கிறாள். அண்ணன், உங்கள் வீட்டுக்காரர் வரட்டும் அல்லது போன் செய்து கேட்கிறேன் என்று உட்காரவைத்துவிட்டார். "முப்பது வருசமா அவருக்குச் சோறு ஆக்கிப் போடுறேன், நான் யாருன்னு உமக்குத் தெரியணுமோ?" என்று அந்தம்மா வாசல்வரை கேட்கும்படி கத்தியிருக்கிறாள். முதலாளியின் மருமகன் அண்ணனைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டான்.

அதன்பின்தான் அவர் கோட்டை வாசலைத் தாண்டினார். உப்புச் சுரங்கத்து விலங்கைக் கொன்று இன்னொரு நீல வாளை எடுத்துக் கிரோனிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு. பன்றியிலிருந்து ஆரம்பித்தார். ஐம்பது வயதை நெருங்கிய மனிதர், மவுஸைக் கதவுத் தாழ்ப்பாள் போல இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தார். செத்து விழுவார், சதுக்கத்தில் எழுவார், மறுபடி நடப்பார். டீ குடிக்கும்போது "இத்திரி பிடி பிள்ளே" என்று என்னிடம் மவுஸைத் தருவார்.

அந்த ஊருக்கு வெளியே அவ்வளவு இடம் இருக்கும் என்று நாங்கள் இருவருமே நினைத்திருக்கவில்லை. ஒரு சதுப்பு நிலம், அதில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவைகள். கிட்டே போனாலும் பறக்காது, நாம் ஊடே நடந்து போகலாம். ஆளில்லாத ஒரு பாலத்தில் யாரோ விற்பனைப் பலகையோடு உட்கார்ந்தே இருப்பார். ஆள் எப்போதோ எழுந்துபோய்விட்டார், உடம்பு மட்டும் கடை போட்டிருக்கிறது என்றார் அண்ணன். வடக்கே பனி. பனியில் நடந்தால் காலடி விழுகிறதா என்று நான் நடத்திப் பார்த்தேன். விழுந்தது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அழிந்திருந்தது. எங்கே அழிகிறது என்று பார்க்கவே முன்னும் பின்னும் நடந்தேன். "டீ ஆறிப்போச்சு, இன்னும் நடக்கியா?" என்று கேட்டார்.

உப்புச் சுரங்கத்துக்குப் போய்ச்சேர மாதங்கள் ஆயின. அந்த விலங்கு செத்தால் பெரும்பாலும் உப்புக்கட்டி, இல்லையென்றால் எலும்பு. ஐப்பசி மழை, துலாவர்ஷ சமயம், ஒரு மத்தியானம் இடி இடித்துக் கரண்ட் போனது. யுபிஎஸ் கூவ ஆரம்பித்தது.

"எல்லாரும் ஷட் டவுன் செய்யு, பாட்டரி இல்ல" என்று ரெஜி சத்தம் போட்டான்.

அண்ணன் எழவில்லை. விலங்கு விழுந்து கிடந்தது. அதன் பக்கத்தில் தரையில் நீலமாக ஒன்று. குனிந்து எடுக்க வேண்டும், ஆனால் திரை நகராமல் நின்றுவிட்டது. அண்ணன் அழுத்திக்கொண்டே இருந்தார். அவருடைய ஆள் மெல்லக் குனியத் தொடங்கினான். திரை கறுத்தது.

எடுத்தானா இல்லையா? இருட்டில் உட்கார்ந்திருந்தோம். மழை ஓட்டில் அடித்தது. ரெஜிகூட மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து ஓரத்துக் கேபினில்தான் வைத்தான். கரண்ட் வந்ததும் மூவரும் அந்தத் திரைக்கு முன்னால் நின்றோம். கறுப்பு, தரை, பெயர், உடம்பு. பையைத் திறந்தார். உப்புக்கட்டிகளுக்கு நடுவில் வாள் இருந்தது.

கிரோனை சதுக்கத்தில் பிடிக்க ஒரு வாரம் ஆனது. அண்ணன் மன்னிப்பை வாய்விட்டுப் படித்தபடியே எழுதி, வாளைக் கொடுத்தார். கிரோன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் போல. தன் வாளில் தான் பதித்திருந்த கல் இதில் இல்லை என்று எழுதினான். பிறகு நன்றி என்று எழுதினான். அண்ணனைத் திருடன் என்று சொன்னது தவறு என்று சதுக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒரு வரி போட்டுவிட்டுப் போனான்.

"கல்லு இல்லாதது கொறதான்" என்றார் அண்ணன். ஆனால் அந்த ஒரு வரியை என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

இப்போது ரெஜி சென்டரில் பாதியை மொபைல் ரீசார்ஜ் கடையாக மாற்றிவிட்டான். மிரேலியா ஓரத்துக் கேபினில் மட்டும் இருக்கிறது. அந்த நகரத்தில் ஆள் குறைந்துவிட்டது. மணி லாட்ஜ் மறுபடி நடக்கிறது. நாலைந்து பேர் பொருள் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் கையில் மட்டுமே கொடுப்பார், மனைவி வந்தாலும் கிடையாது. தம்பானூர் லாட்ஜில் மனைவி கேட்டால் பழையபடி சாவியைக் கொடுத்துவிடுகிறார். கிரோன் அவ்வப்போது சதுக்கத்தின் வழியாகப் போவான், அண்ணனைப் பார்த்தால் கையசைப்பான். அவரிடம் எதுவும் வைப்பதில்லை.