ஓலைப்பெட்டியில் அக்காவின் சட்டை

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டேன். என்னை வளர்த்த அம்மா உயிரோடு இருக்கும்வரை எழுதக் கூடாது என்றிருந்தேன். அவர் போன பிறகும் கை வரவில்லை. சாமி காரியத்தில் வாய் வைக்கிறோமோ என்ற பயம். நான் ஐந்தாவது வரை படித்தவள். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தப்பிருந்தால் அம்மன் பொறுக்க வேண்டும்.

நான் பிறந்தது போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில். கேரளம் என்ற பேர் வருவதற்குச் சில வருஷம் முந்தி. அப்பா இறந்த பிறகு, பெற்றவளான ஆத்தாதான் கொழுந்து கிள்ளி எங்கள் வயிற்றைப் பார்த்தாள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து கருப்பட்டி கொண்டுவந்து எஸ்டேட் கடைகளுக்குப் போடும் வியாபாரி ஒருவர் இருந்தார். அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள், ஒரு பெண்ணை எடுத்து வளர்க்க நினைக்கிறார் என்று கடைக்காரர் வந்து சொல்ல, ஆத்தா சம்மதித்திருந்தாள்.

அவர் வந்த அன்று, கையில் ஒரு துணி மூட்டை இருந்தது.

"மூத்தவளக் கூட்டிட்டுப் போங்கய்யா. சோறு வடிப்பா, தண்ணி எடுப்பா" என்றாள் ஆத்தா.

"வேலைக்கு ஆளு தேடி வரலீங்க. புள்ளை தேடி வந்திருக்கறனுங்க."

மூட்டையிலிருந்து பச்சைச் சட்டை ஒன்றை எடுத்தார். முதுகில் பித்தான் வைத்தது. முதலில் என் கூடப்பிறந்த மூத்தவளுக்குப் போட்டுப் பார்த்தார். பித்தான் எட்டவில்லை. பிறகு எனக்கு. கடைசிப் பித்தான் வரை சேர்ந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூத்தவள் என் காதருகே வந்து சிரித்தாள். "ஏட்டி, காலைல அந்தக் கஞ்சியக் குடிக்காம இருந்திருந்தா எனக்குல்ல சேந்திருக்கும்!"

அவள் விளையாட்டாகச் சொன்னது. எனக்குள் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது.

கொழிஞ்சாம்பாறை வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண் வீட்டுச்சாமி ஆகிவிடுவாள். வருஷாவருஷம் ஆடியில் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை எடுத்து, ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிட வேண்டும். போன வருஷத்துத் துணியை எடுத்து வீட்டுப் பெண் உடுத்திக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் உடுத்தப் பெண் இல்லாததால் துணிகள் பெட்டியிலேயே கிடந்தன. அதில் ஒன்றைத்தான் மலைக்குக் கொண்டுவந்திருந்தார்.

அவள் பேரையே எனக்கும் வைத்தார்கள். அவள் தட்டில் சாப்பிட்டேன், அவள் பாயில் படுத்தேன். "அவளேதான் திரும்பி வந்திருக்கறா" என்று அத்தை, அதாவது என்னைக் கூட்டிவந்த ஐயாவின் அக்கா, ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி என் தலையைத் தடவி, "அங்க எப்படி இருந்துச்சு கண்ணு?" என்று கேட்டாள்.

மலையைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "குளிரும். பனி மூடிக்கிரும். பக்கத்துல நிக்குற ஆளு தெரியாது" என்றேன். அவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

அம்மா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் நான் முதலில் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அவள் நிற்கிறாளோ என்று. பாயில் பாதியை விட்டுத்தான் படுப்பேன்.

பிள்ளையே பிறக்காமல் எடுத்து வளர்க்கிறவர்கள் ஒரு மாதிரி. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு எடுக்கிறவர்கள் வேறு மாதிரி. முன்னவர் வீட்டில் இடம் காலியாக இருக்கும். பின்னவர் வீட்டில் அது காலியாக இருக்காது. போகிற குழந்தைக்கு அது தெரியும். வாயால் சொல்லத்தான் தெரியாது. என்மேல் அவர்கள் பாசம் வைக்காமல் இல்லை. ஆனால் அந்தப் பாசம் என்னைத் தாண்டி யார்மேலோ போய் விழுந்தது.

தையல்காரர் ஒவ்வொரு ஆடிக்கும் கேட்பார். "ஏனுங்க, புள்ளை வளந்திருக்குமே?"

"அளவு மாத்த வேண்டாமுங்க" என்பார் அம்மா.

சட்டை சேர்ந்ததால்தானே என்னைக் கூட்டிவந்தார்கள்? சேராவிட்டால் மலைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். சோற்றைப் பாதி தின்றுவிட்டு மீதியை எருமையின் கழுநீர்த் தொட்டியில் கொட்டினேன். பசியில் தலை சுற்றும். "அம்மனே, என்னை வளர விடாதே" என்று கும்பிட்டேன். அப்படியும் வளர்ந்தேன்.

ஒரு வருஷம் ஆடியில் விளக்கு முன்னால் என்னை நிறுத்தி அம்மா பித்தான் போட்டார். மேலே ஒன்று சேர்ந்தது. அடுத்தது சேரவில்லை.

"மூச்சை இழுத்துப் புடி கண்ணு" என்றார் அத்தை. "உன்ற சட்டை உனக்குச் சேராமப் போயிருமா?"

இழுத்துப் பிடித்தேன். பித்தான் தெறித்து விளக்கடியில் போய் விழுந்தது. நான் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டேன். மறந்தே போயிருந்த மலைப்பேச்சு வாயில் வந்துவிட்டது. "இனிமே சோறு திங்க மாட்டேன்மா. என்னைய மலைக்கு அனுப்பிராதீக!"

அம்மாவின் கை என் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே வந்தது. நடுவில் நின்றது. "எருமைத் தொட்டியில சோறு கெடந்துச்சே. அது நீதானா?"

அம்மா சட்டையைக் கழற்றினார், மடித்தார், பெட்டியிலேயே வைத்து மூடினார்.

"சாமி குத்தமாயிரும்!" என்று பதறினார் அத்தை.

"சாமி வளராதுங்க. புள்ளை வளரோணும்."

அடுப்படியில் என்னை உட்காரவைத்து, மோர் ஊற்றிச் சோறு பிசைந்தார். உருட்டிய கையோடு கேட்டார். "மலையில உன்னைய என்ன பேரு சொல்லிக் கூப்புடுவாங்க?"

எனக்கு உடனே நினைவு வரவில்லை. அந்த நேரத்துப் பயம் இன்றைக்கும் என்னை விடவில்லை. பேர் இல்லாத இடத்தில் நின்றேன். பிறகு எங்கிருந்தோ மூத்தவள் கூப்பிடும் குரலாக அது வந்தது. சொன்னேன். அம்மா அதை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்புறம் அந்தப் பேரைச் சொல்லி, "இன்னொரு உருண்டை வாங்கிக்க" என்றார்.

அதற்குப் பிறகு அவள் பேரை அம்மா பெட்டி முன்னால் மட்டும்தான் சொன்னார். அப்போதும் நான் திரும்பிப் பார்த்தேன். இப்போதும் பார்க்கிறேன்.

பெட்டி இன்று என் வீட்டில் இருக்கிறது. ஆடிக்கு ஆடி அதே அளவில் சட்டை தைத்து வைக்கிறேன். பழையதை யாருக்கும் உடுத்திவிடுவதில்லை. ஆனால் உறவில் இன்னும் சிலர், செத்த பெண் திரும்பி வந்த கதையாகத்தான் இதைச் சொல்கிறார்கள். அம்மா அன்று பிரித்து வைத்ததைத் திரும்ப ஒன்றாகக் கட்டுகிறார்கள்.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை எடுத்து வளர்க்க நினைக்கிறவர்கள் யாரையாவது பார்த்தால் இதைச் சொல்லுங்கள். ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவள் திரும்பி வரவில்லை. அவள் என் அக்கா. நாங்கள் இரண்டு பேர்.