புகை போக வழியில்லாத கடை

1. கூரை

வெள்ளைப் பாதுகாப்புத் தொப்பியுடன் கடையின் நடுவில் நின்று நாதன் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கொங்கிறீட் கூரை. மின்கம்பி இறங்க ஒரு சிறு துளை, அவ்வளவுதான்.

“அக்கா, புகை எதுக்காலை போகும்?”

பதில் எனக்குத் தெரியும். மூன்று வாரங்களுக்கு முன், அவர் கையெழுத்திட்டபோதே தெரியும்.

பிரெஞ்சுத் தலைநகரின் புறநகரான லா கூர்னெவில் அந்தக் கட்டடம் அப்போது பாதிதான் எழும்பியிருந்தது. மேலே ஐந்து மாடி அப்பார்ட்மெண்ட், கீழே ஐந்து கடைகள். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பேலில் வேலைசெய்யும் தமிழர்கள் RER ரயில் பாதையோரமாக வீடு தேடத் தொடங்கியிருந்ததால் கட்டட நிறுவனம் என்னை விற்பனைக் கபினில் அமர்த்தியிருந்தது. படத்தைக் காட்டுவது, பிரெஞ்சு ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்குவது, கையெழுத்து வாங்குவது. இதுதான் வேலை.

நாதன் கிளிநொச்சிக்காரர். லா சப்பேல் உணவகம் ஒன்றில் ஒன்பது வருடமாக அடுப்படியில் நின்றவர். சொந்தமாக ஒரு மதியச் சாப்பாட்டுக் கடை போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் ஐந்து கடைகளில் ஒன்றுதான் வாடகைக்குப் போகாமல் மிஞ்சியிருந்தது. அதை அவர் எடுத்தார். கையெழுத்திட்ட மறுநாளே பழைய முதலாளியிடம் விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். மாத முடிவோடு அங்கே அவருக்கு வேலை இல்லை.

இப்போது அவர் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

2. பத்தரை மணி

கையெழுத்து ஒரு வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள். RER பிந்தியதில் நாதனும் மனைவி சுகந்தியும் கபினுக்குள் நுழைந்தபோது பத்து தாண்டிவிட்டது.

சுகந்தி கதிரையில் உட்காரவில்லை. “அக்கா, பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னம் போட்டிடுவம்.”

“நாற்பது பக்கம் இருக்கு, தங்கச்சி.”

“முக்கியமானதைச் சொல்லுங்கோ. மிச்சத்தை வீட்டை போய்ப் பாப்பம்.”

“வீட்டை போய் ஆர் பாக்கிறது? எனக்குப் பிரெஞ்சிலை பொஞ்சூர் எண்டுறதே சரியா வாசிக்க வராது” என்றார் நாதன். மூவரும் சிரித்தோம்.

வாடகை, காலம், முற்பணம், சாவி தரும் மாதம் ஆகியவற்றைச் சொன்னேன். கடையின் பயன்பாடு என்ற இடத்தில் ‘உணவு விற்பனை’ என்று இருந்தது. அதையும் சொன்னேன். பின்னிணைப்பை விளக்கவில்லை. அதில் ஒரு பக்கம் சொல்வது இது: கட்டடத்தில் உச்சிவரை செல்லும் புகைக்குழாய் கிடையாது, கடைகளில் சமைக்கக் கூடாது, வெளியே சமைத்ததைச் சூடாக்கி விற்கலாம். நாதன் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கக் கையெழுத்துப் போட்டு, பத்து இருபத்தைந்துக்குக் கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்திட்டார். சுகந்தி கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

அந்தப் பக்கம் நான் அறியாததல்ல. இரண்டாம் மாடியில் வீடு வாங்கிய ரஞ்சிக்கு ஏற்கெனவே அதே பக்கத்தை வரி வரியாக வாசித்துக் காட்டியிருக்கிறேன். ரஞ்சி ஓர் அலுவலகத்தில் வேலைசெய்பவள். “பத்து வருசம் சாப்பாட்டுக்கடைக்கு மேலை இருந்தனான் அக்கா. பிள்ளையின்ரை கோட்டெல்லாம் பொரியல் மணம். கீழை சமைக்க மாட்டினம்தானே?” என்று மூன்று தடவை கேட்டாள். அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் அவளுக்கு வீட்டை விற்றேன்.

3. நான்கு வரி

“நேரம் இல்லையெண்டு நீங்கள்தானே அவசரப்படுத்தினனீங்கள்” என்று கூரைக்குக் கீழே நின்று நாதனிடம் சொன்னேன். சொன்ன உடனேயே வெட்கமாக இருந்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை. “ஓம் அக்கா. நாங்கள் ராகுவுக்குப் பயந்தனாங்கள். உங்களுக்கு என்ன பயம்?”

எனக்குப் பயம் வலெரி. எங்கள் விற்பனைப் பொறுப்பாளர். கடைசிக் கடை அந்த வாரத்துக்குள் போகவேண்டும் என்று சொல்லியிருந்தார். இதை நாதனிடம் சொல்லவில்லை. நேரே கபினுக்குப் போனேன்.

புதிதாகக் குழாய் போட முடியுமா என்று கேட்டேன். “யாருடைய வரவேற்பறைக்குள்ளால்?” என்றார் வலெரி. மேலே ஐந்து மாடியும் விற்றாகிவிட்டது. ஒப்பந்தத்தைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் நாதனின் சுருக்கக் கையெழுத்து இருந்தது.

“அவருக்கு இதை மொழிபெயர்த்தாயா?”

ஆம் என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒன்பது வருட வாடகை ஒப்பந்தம் நாதனின் தலையில் இருக்கும்.

“இல்லை.”

“அதை எழுத்தில் தருவாயா? தந்தால் உன் பணிக்கோப்பில்தான் போகும்.”

நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். அதை நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பதினொரு நாள். தினமும் காலையில் நாதன் அழைப்பார். “கடிதம் வந்ததோ?” “இன்னும் இல்லை.” RERஇல் நின்றபடி தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இறங்கவேண்டிய நிலையத்தை ஒருநாள் தவறவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. ஒப்பந்தம் ரத்து, முற்பணம் திரும்ப வரும். நாதனை அழைத்துச் சொன்னேன். “சரி” என்றார். பின்னால் சுகந்தி அழும் சத்தம் கேட்டது. பழைய உணவகத்தில் அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். “போறன் எண்டு கடுதாசி தந்தவனுக்கு இஞ்சை அடுப்பில்லை” என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். நான்கு மாதம் பக்கத்து ஊரான ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கடையின் கிடங்கில் பெட்டி தூக்கினார் நாதன். கடைகளை வாடகைக்கு விடும் வேலை என்னிடமிருந்து எடுக்கப்பட்டது. நாதன் எடுத்திருந்த கடையில் இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் சொல்வேன். எந்தப் பக்கத்தைக் காட்டி ஒருவருக்கு விற்றீர்களோ, அதே பக்கத்தை அடுத்தவருக்கும் வாசியுங்கள். வாசிக்க நேரமில்லை என்று அவரே சொன்னால், இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். அவசரம் அவருடையதாக இருக்கலாம். வாசிப்பது உங்கள் வேலை.

நாதன் பிறகு ஒபர்வில்லியேயிலேயே ஒரு பழைய கடையைப் பிடித்தார். அந்த ஒப்பந்தத்தை வாசிக்க என்னைக் கூப்பிடவில்லை. லா சப்பேலில் வேறொருவரிடம் கொண்டுபோய் இரண்டு நாள் இருந்து வாசிக்கவைத்தாராம். அவருடைய இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.