நல்லா இழுக்காவ

என் நாத்தனாருக்கும் எனக்கும் ஒத்துப்போகாது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். என் கணவருக்கு அக்கா அவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிள்ளை இல்லை, புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. படாளத்தில் ரைஸ் மில்லில் தவிட்டுத் தூசிக்கு நடுவே வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு, ஒரு மழைக்காலத்தில் புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். என் சாம்பாரைக் குறை சொல்லாமல் அவர் சாப்பிட்டதே கிடையாது. நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. அதனால்தான் போன மார்கழிப் பனியில் அவர் சண்டையை நிறுத்தியதும் நான் முதலில் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

சளி என்று ஆரம்பித்து, காய்ச்சல் ஆகி, பிறகு இரண்டு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கார் பிடித்து செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பழைய நெஞ்சு நோயோடு நிமோனியாவும் சேர்ந்துகொண்டது என்றார் டாக்டர். சளி வெளியே வந்து அவராகவே மூச்சை நன்றாக இழுத்துவிட ஆரம்பித்தால் பிழைத்தார்; இல்லாவிட்டால் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்க வேண்டியிருக்கும், மெஷினுக்குப் போனால் இந்த நெஞ்சு திரும்பி வருமா என்று சொல்ல முடியாது என்றார். கணவருக்குக் கல்பாக்கத்தில் ஷிப்ட். பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

அண்ணியோ மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள் என்றால் எங்கள் ஜனங்களுக்கு அர்த்தம் வேறு: சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பு என்பதுதான் அது. மல்லாந்து படுத்துக்கொண்டு, "என்ன வுட்டுடு" என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அந்த வார்டில் பகல் முழுக்க இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸ் ஒருவர். ஒல்லியான பெண், குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். வந்ததும் முதல் வேலையாக அண்ணியைத் தூக்கி உட்கார வைத்தார். சாப்பாட்டு மேஜையை முன்னால் இழுத்து, அதன்மேல் தலையணை போட்டு, கைகளை அதில் ஊன்றிக் குனிந்து உட்காரச் செய்தார். படுத்தால் நெஞ்சுக்கு இடம் இல்லை, இப்படி உட்கார்ந்தால் காற்றுக்கு வழி கிடைக்கும் என்றார். நெபுலைசர் புகை பிடிக்க வைத்த பிறகு, கையைக் கிண்ணம் போலக் குவித்து முதுகில் தட்டுவார். குழந்தைக்கு ஏப்பம் வரத் தட்டுகிற மாதிரிதான், ஆனால் விலாவுக்குக் கீழே ஒரு அடிகூட இறங்காது. சளி வந்ததும் தானே கிண்ணத்தைப் பிடிப்பார். அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், வாயைத் துடைத்துவிடுவார். ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வையுங்களேன் என்று நான் கெஞ்சினேன். நாள்பட்ட நெஞ்சுக்கு அதிகமாகக் கொடுத்தாலும் ஆபத்து என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு நோயாளிக்குச் செய்கிற வேலையில் இவ்வளவு அழகு இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அதைவிட என்னை அசர வைத்தது அவருடைய தந்திரம். அண்ணியிடம் கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை, வம்புக்கு இழுத்தால்தான் அசைவார் என்பதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். இட்லியைக் கொஞ்சமாகப் பிட்டுக் கொடுத்துவிட்டு, எங்கள் ஊர் இட்லி மாதிரி வருமா என்று சீண்டுவார். அண்ணி திட்ட வாயெடுப்பார், மூச்சு முட்டும். உடனே நர்ஸ், "திட்டுங்கம்மா, வேண்டாங்கல. மூக்கால காத்த எடுத்துட்டு, சூடா டீய ஊதுத மாதிரி வாயக் குவிச்சு மெள்ள விட்டுட்டு, அப்புறம் அடுத்த வார்த்தையத் திட்டுங்க" என்பார். அண்ணியும் முறைத்துக்கொண்டே அப்படித்தான் திட்டினார். திட்டத் திட்ட மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்தது.

பிறகு அந்த மூன்று பந்து வந்தது. பிளாஸ்டிக் கூண்டுக்குள் மூன்று பந்துகள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் ஒவ்வொன்றாக மேலே ஏறும். அண்ணி ஆரம்பத்தில் அடுப்பை ஊதுகிற மாதிரி ஊதினார். "ஊதாதீங்க, இழுங்க, இழுங்க" என்று நர்ஸ் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணிக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. சாகக் கிடக்கிறவர்களைத்தானே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்வோம். "என்ன இழுக்கச் சொல்றா பாரு" என்று என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஒரு பந்து ஏறியது. மறுநாள் காலை இரண்டாவதும் பாதி ஏறியது. மூன்றாவது அசையவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தொண்டைக் குழாய் விஷயத்தை நாளைக்கு முடிவு செய்யலாம் என்று சொல்லிப் போனார்.

நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். என் போன் நர்ஸ் மேஜையில் சார்ஜில் இருந்தது. படாளத்திலிருந்து கொழுந்தன், அதாவது அண்ணியின் சின்னத் தம்பி, விடாமல் அடித்திருக்கிறார். பாவம், ஏதோ அவசரம் என்று நர்ஸ் எடுத்துப் பேசியிருக்கிறார். அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, "இப்ப நல்லா இழுக்காவ" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலில் மணி அடித்ததால் போனை வைத்துவிட்டார். நான் வந்ததும் சந்தோஷமாகவே சொன்னார், கொழுந்தனாருக்குத் தைரியம் சொல்லிவிட்டேன் என்று.

மத்தியானம் தாண்டியதும் வராந்தாவில் ஒப்பாரி கேட்டது. யாருக்கோ போல இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால், வேனில் வந்து இறங்கிய எங்கள் சனம். கொழுந்தன் கையில் சாமந்தி மாலை. அக்குளில் ஜவுளிக்கடைப் பை. பிறந்த வீட்டுக் கோடிப் புடவை அது, செத்தவர் மேல் போர்த்துவது. "எப்ப போச்சு?" என்று என்னிடம் அழுதார். எனக்கு முதலில் கோபம் வந்தது. விஷயம் புரிந்ததும் எல்லாரையும் வாசலிலேயே மறித்து நிறுத்தினேன். உள்ளே இருக்கிறவர் காதில் இது விழுந்தால், கொஞ்சம் ஏறிய பந்தும் இறங்கிவிடுமே.

நர்ஸ் முகம் வெளுத்துவிட்டது. எங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவோம், தோணாமப் போச்சே என்றார். ஆனால் ஒளியவில்லை, சப்பைக்கட்டு கட்டவில்லை. பூ வாசனை இந்த நெஞ்சுக்கு ஆகாது என்று மாலையை மட்டும் வெளியே வைக்கச் சொல்லிவிட்டு, நேராக அண்ணியிடம் போனார். கட்டில் விளிம்பில் கை வைத்து நின்றார்.

"அம்மா, நீங்க நல்லா இழுக்கீயன்னு நாந்தான் போன்ல சொன்னேன். அவிய வேற மாதிரி நெனச்சு, கோடி எடுத்துட்டு வந்துட்டாவ. இப்ப எம் மானம் ஒங்க கையிலதான் இருக்கு. இழுத்துக் காட்டுங்க."

அண்ணி வாசல் பக்கம் பார்த்தார். தம்பி அங்கே பையோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணி மாஸ்க்கைத் தானே நகர்த்தி, குழாயை வாயில் வைத்தார். ஒரு பந்து. இரண்டாவது. மூன்றாவது நடுங்கியது, விழுந்தது. மறுபடியும் இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவதும் ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, இறங்கியது.

"இழுத்துகினு தான்டா கீறேன். பாத்துக்கோ" என்றார் அண்ணி. பிறகு மூக்கால் எடுத்து, வாயைக் குவித்து விட்டு, தம்பியைத் திட்ட ஆரம்பித்தார். நர்ஸ் அண்ணியின் விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் சின்ன மெஷினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திட்டு நீண்டுகொண்டே போனது, எண் இறங்கவில்லை. நான் சுவரோரமாகத் திரும்பி நின்று நன்றாக அழுதேன். அந்தப் பெண்ணின் காலில் விழுந்திருப்பேன், அவர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

குழாய் போட வேண்டிய அவசியம் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பிய அன்று அண்ணி அந்தக் கோடிப் புடவையை எடுக்கச் சொன்னார். நான் தயங்கினேன்.

"எனக்குன்னு தான வாங்கியாந்தான். நான் கட்டாம வேற யாரு கட்றது?"

கட்டிக்கொண்டு நர்ஸிடம் போய் நின்றார். நர்ஸ் குனிந்து கொசுவத்தைச் சரிசெய்துவிட்டு, பந்தை வீட்டிலும் விடக் கூடாது என்று மிரட்டி அனுப்பினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அண்ணி முந்தானையைத் தடவிப் பார்த்தார். மட்டமான சரக்கு, கரை சாயம் போகும், அக்காவின் சாவுக்கு ஒருத்தன் இப்படியா எடுப்பான் என்று ஆரம்பித்தவர், திருக்கழுக்குன்றம் வரை நிறுத்தவில்லை. ஓரிடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.