ஷாக் அடிக்குதான்னு பாரு

பிரசிடென்டின் கையெழுத்து வேண்டும் என்று போனேன். தாடியையும் மார்பு முடியையும் கொடுத்துவிட்டு வந்தேன். கையெழுத்து கிடைக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வீட்டார் இன்றுவரை இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான் பெரியவரை அடித்தேனாம்.

அடித்தேன். எதற்கு அடித்தேன் என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. எனக்கு இருபத்து மூன்று வயது. பெருநகர் என்கிற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்து போகிற ஊர் எங்களுடையது. ஊர் ஒரு பக்கம், எங்கள் காலனி ஒரு பக்கம், நடுவில் ஏரிக்கால்வாய். பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு நெல் அறுத்துக்கொண்டிருந்தேன். வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து வைத்ததற்கு முதல்முறையாக ஒரு கடிதம் வந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு மாணவர் விடுதிக்குக் காவலாள் வேலை. நேர்காணலுக்கு வரும்போது ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட நன்னடத்தைச் சான்று கொண்டுவர வேண்டும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது.

அந்த ஊராட்சித் தலைவர், பிரசிடென்ட் பெரியவர், எங்கள் நிலத்துக்காரர். எங்கள் நிலத்துக்காரர் என்றால், நாங்கள் வேலை செய்த நிலத்துக்குச் சொந்தக்காரர். எங்களுக்கு ஏது நிலம்.

உத்திரமேரூரில் டைப் அடித்த சான்றை வைத்துக்கொண்டு நாலு நாள் அவர் வீட்டுக்கு நடந்தேன். ஒருநாள் தூங்குகிறார் என்றார்கள். ஒருநாள் சீல் இல்லை என்றார்கள். ஒருநாள், அறுப்பு முடியட்டும் பார்க்கலாம் என்றார். நாலாவது நாள் காலை மறுபடி போய் வீட்டின் பின்பக்கம், மாட்டுக் கொட்டகைக்கு எதிரில் நின்றேன். நாங்கள் நிற்கிற இடம் அதுதான். மறுநாள் பத்து மணிக்கு நேர்காணல். இன்றைக்கு வாங்கினால் உண்டு.

அன்று அவர் வீட்டில் ஒரே கூத்து. துபாயிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். மாமனாருக்கு ஒரு கரண்ட் மெஷின் கொண்டுவந்திருந்தார். தாடிக்கும் உடம்புக்கும் முடி எடுக்கிற மெஷின். டப்பா மேல் சட்டை போடாத வெள்ளைக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றான். பெரியவருக்கு உடம்பெல்லாம் கரடி மாதிரி முடி. கோடை வந்தால் மார்பு முடிக்குள் வேர்க்குரு கிளம்பிக் கொப்புளமாகிவிடும். வீட்டுக்கு வந்து சவரம் செய்கிற நாவிதர் கத்தியை வைத்தால் கொப்புளம் உடைந்து ரத்தம் வரும். அதற்காகத்தான் மெஷின்.

துபாய் பிளக்கின் கால்கள் தடித்த சதுரம். நம் ஊர்ப் பாயின்டில் நுழையவில்லை. மாப்பிள்ளை பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரைச் சீவி, அடுப்பங்கரைப் பாயின்டில் சொருகி, கழன்று வராமலிருக்க இரண்டு தீக்குச்சியை அடைத்தார். ஒயரை ஜன்னல் வழியாக வெளியே இழுத்து, பின்பக்கத்துத் துணி துவைக்கிற கல்வரைக்கும் கொண்டுவந்தார். மெஷின் சுவிட்சைத் தட்டியதும் அது உறுமியது. பெரியவர் இரண்டடி பின்னால் போனார்.

"மாப்பிள்ளே, இது புடிச்சுக்கிச்சுன்னா?"

"அதெல்லாம் புடிக்காது மாமா. துபாய்ல எல்லாரும் பண்றாங்க."

"துபாய்ல தீக்குச்சி சொருவுறாங்களா?"

மாப்பிள்ளை மெஷினை அணைத்தார். அப்போதுதான் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இன்னாடா, அறுப்பு நேரத்துல சட்டை போட்டுக்கினு நிக்கிற?" என்றார் பெரியவர்.

"கையெழுத்துங்க ஐயா. நாளைக்கு இன்டர்வியூ."

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். "மாமா, இவனுக்குத் தாடி கீது. இவன் மேல ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடலாம்."

"ஆமாண்டா, இந்த மூஞ்சோட போனா ஆபீசர் உள்ள உடுவானா? குந்து. மிஷின் நல்லா ஓடட்டும், கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுறேன்."

உட்கார்ந்தேன். கையெழுத்துக்காக மட்டும் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன் என்றால் பொய். எனக்கு ஆசையும் இருந்தது. ஊர் நாவிதர் கால்வாயைத் தாண்டி எங்கள் பக்கம் வரமாட்டார். வந்தால் ஊர்க்காரர்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு சலூனில், எந்த ஊரு, எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் துண்டைப் போர்த்துவார்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் வழித்துக்கொள்வோம். ஒரு பிளேடு, நாலு முகம். இன்னொருவன் எனக்குச் சவரம் செய்வது, அதுவும் துபாய் மெஷினில் என்றதும் எனக்குச் சிரிப்புகூட வந்தது. இன்று நினைத்தால் அந்தச் சிரிப்புக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

மாப்பிள்ளை என் கன்னத்தில் மெஷினை வைத்தார்.

"ஷாக் அடிக்குதாடா?"

"இல்லைங்க."

"சுரீர்னு எதாவது?"

"இல்லைங்க. கூசுது."

"கூசுனா கூசட்டும். தாடையைத் தூக்கு."

இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கழுத்து. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கேள்வி. பெரியவர் குனிந்து என் தோலை உற்றுப் பார்த்தார், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது மாதிரி. தாடி முடிந்தது. "மாருல வச்சிப் பாரு, எனக்கு மாருதானே" என்றார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பையில் சான்று இருந்தது. மடங்காமல் சட்டையைச் சுருட்டி வண்டி நுகத்தடி மேல் வைத்தேன்.

மார்பு, முதுகு, பிறகு கையைத் தூக்கச் சொல்லிக் கம்கட்டு. அடுப்பங்கரை ஜன்னலில் பெரியவர் மனைவியும் மகளும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆட்டுக்கு வழிச்சாலாவது கம்பளி ஆவும்" என்றார் பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முடிந்ததும் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். அவ்வளவு வழவழப்பாக என் முகத்தை நான் அதுவரை தொட்டதில்லை. பெரியவர் திருப்தியாகச் சட்டையைக் கழற்றினார். மெஷினுக்குக் கையை நீட்டினார்.

"இன்னாங்க" என்றாள் மனைவி ஜன்னலிலிருந்து. "அவன் கம்கட்டுல வச்சதை எடுத்து உங்க மாருல வச்சுக்கப் போறீங்களா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. அதுவரைக்கும் அவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. ஷாக் பயம் மற்ற எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. அந்தக் கால் மணி நேரம் மட்டும் நான் வெறும் உடம்பாக இருந்திருக்கிறேன். மெஷின் நல்லபடியாக ஓடியதும் மறுபடி காலனிக்காரன் ஆகிவிட்டேன்.

"துணியால தொடச்சிக்கலாம் அத்தே" என்றார் மாப்பிள்ளை.

"தொடச்சா பூடுமா?"

அந்த அம்மாள் சொம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை ஒயரைப் பாயின்டிலிருந்து உருவினார். அவள் ஒயரைப் பிடித்துக்கொண்டு, கோழியை வெந்நீரில் முக்குவதுபோல, மெஷினைச் சொம்புக்குள் மூன்று தரம் முக்கி எடுத்தாள். மிச்சத் தண்ணீரை நான் உட்கார்ந்திருந்த கல்லின் மேல் ஊற்றினாள். துபாயில் வேலை செய்கிற மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியாதா? தெரியும். மாமியாரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"ஐயா, உள்ளே தண்ணி பூந்திருக்கும்" என்றேன்.

"உன்னை எவன்டா கேட்டான்?" என்றார் பெரியவர்.

மெஷினை உதறித் துண்டால் துடைத்துக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தார்கள். மறுபடி ஒயர், மறுபடி தீக்குச்சி. பெரியவர் ஈரக் கல்லில் வெறுங்காலை ஊன்றி நின்று, "குடு, நானே ஓட்டிக்கிறேன்" என்று வாங்கி மார்பில் வைத்து மெஷின் சுவிட்சைத் தட்டினார்.

அவர் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. கண் பிதுங்கியது. கை மார்போடு ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை "மாமா" என்று கத்திக்கொண்டு பின்னால்தான் போனார். ஜன்னலோரம் பாயின்டுக்குப் பக்கத்திலேயே நின்ற மகள் அதன் சுவிட்சை அணைக்காமல் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

அடுப்பங்கரைக் கதவு திறந்து கிடந்தது. எனக்கு அது பத்தடி. உள்ளே ஓடிச் சுவிட்சை அணைத்திருக்கலாம். நான் போகவில்லை. பயந்து நிற்கவில்லை, அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதன் கண் முன்னால் சாகிறான், அப்போதும் என் கால் அந்த நிலைப்படி பக்கம் திரும்பவில்லை. இருபத்து மூன்று வருடமாகப் பழக்கி வைத்திருந்த கால். அவர்கள் செய்ததில் எல்லாம் எனக்கு ஆத்திரம் உண்டு, ஆனால் இதில்தான் அதிகம்.

கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த மூங்கில் கழியை எடுத்தேன். மணிக்கட்டில் அடித்தேன். மெஷின் தெறித்து விழுந்தது. பெரியவர் சரிந்து உட்கார்ந்தார்.

இன்னொரு அடியும் அடித்தேன். முதல் அடியிலேயே மெஷின் விழுந்துவிட்டது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மோர் கொடுத்தார்கள். விசிறினார்கள். அரை மணியில் அவருக்குப் பேச்சு வந்தது. மணிக்கட்டு புடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் மாப்பிள்ளைக்கும் தைரியம் வந்துவிட்டது.

"ஒயரை இழுத்திருந்தாலே கையோட வந்திருக்கும். தீக்குச்சிதானே சொருவி கீது. எதுக்குடா அடிச்ச?"

"எத்தினி நாளா மனசுல வச்சிக்கினு இருந்தானோ" என்றாள் பெரியவர் மனைவி.

நான் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

"ஐயா, கையெழுத்து."

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். "நன்னடத்தையா? இதோ பாருடா, வீங்கிக்கினு கீது உன் நன்னடத்தை."

"நான் இல்லைன்னா இந்நேரம் செத்திருப்பீங்க ஐயா."

வாழ்க்கையில் முதல்முறை அவரை எதிர்த்துப் பேசினேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

"செத்திருந்தா வேற ஒருத்தன் பிரசிடென்டா வந்திருப்பான். அவன்கிட்ட வாங்கியிருப்ப. காப்பாத்திட்டல்ல? போ."

மறுநாள் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனேன். வரிசையில் நின்றவர்களில் என் அளவுக்கு முகம் மழித்திருந்தவன் எவனும் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஆள் நீட்டாத்தான் இருக்கான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். காகிதங்களைப் புரட்டினார். சான்றில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். பிரசிடென்ட் ஊரில் இல்லை, அடுத்த வாரம் வாங்கி வந்து தருகிறேன் என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மெஷினை எருக்குழியில் போட்டுவிட்டார்கள். ஊர் நாவிதர் பழையபடி வாராவாரம் அந்த வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை துபாய் போனார். நான் கழனிக்குப் போனேன்.

பத்து நாளில் மார்பில் முடி முளைக்க ஆரம்பித்தது. கட்டை கட்டையாக, முள் மாதிரி. நெற்கட்டை மார்போடு அணைத்துத் தலைக்குத் தூக்கும்போதெல்லாம் நெல் சுணை அந்தக் கட்டை முடியில் சிக்கிக்கொள்ளும். வியர்வை பட்டதும் எரியும், அரிக்கும். சொறிந்தால் ரத்தம் வரும். அறுப்பு முடிகிறவரை அப்படித்தான் இருந்தது.

பெரியவர் மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு வரப்பில் நின்றார்.

"இன்னாடா, சொறிஞ்சிக்கினே நிக்கிற? கட்டைத் தூக்கு."

தூக்கினேன்.